ரிட்டன் லோடு

முதலாளி ஆவதற்கு முன் சாக்கப்பன்
பத்தொன்பது வருஷம் லாரி ஓட்டியவர்.
மாதக் கடைசியில் நான் நீட்டும் பதினோரு தாளை
ஒரு நாளும் புரட்டிப் பார்த்ததில்லை.
ராத்திரி ஒன்பதரைக்குப் போன் வரும்:
“ஒரு டன் கூழுக்கு இன்னைக்கு எவ்வளவு விறகு போச்சு?”
அவ்வளவுதான்.
எந்த ஊரில் வண்டியை நிறுத்தினாலும்
தன் பழைய முதலாளிக்கு
கிலோமீட்டரும் டீசலும் சொல்லிவிட்டுத்தான் படுப்பாராம்.
இப்போது நான் சொன்னால்தான் அவருக்குத் தூக்கம்.

தேய்மானம் என்றால் என்னவென்று
ஆடிட்டர் விளக்கியபோது கொட்டாவி விட்டார்.
பிறகு எழுந்து போய்
கூழ் பிழியும் எந்திரத்தின் சல்லடையைக்
கட்டைவிரலால் தடவினார், டயரைத் தடவுவது போல.
“இது ஆடி வரைக்கும் வராது.”
ஆனி இருபத்தெட்டில் கிழிந்தது.

அவருடைய சகலை திம்மராயன் சார். நாற்பது சதவீதப் பங்கு.
போச்சம்பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர்.
அவருக்குத் தாள் வேண்டும், ஓரம் மடங்காத தாள்.
சிவப்பு மையில் திருத்துவார்:
கொதிகலன் முப்பத்திரண்டு, தேறவில்லை.
மின்சாரம் எழுபது, பரவாயில்லை.
வாடகை வண்டி, பக்கத்தில் பார்த்து எழுதியது.
காலாண்டுக்கு ஒரு பரீட்சை வைக்கச் சொல்வார்.
எழுபது நாளில் முடிந்துபோகும் மாங்காய்க்கு
காலாண்டு வருவதற்குள்
ஷெட்டில் எறும்புகூட மிஞ்சாது.
சொல்லிப் பார்த்தேன்.
“பாடத்திட்டம் அப்படித்தாம்மா.”

நடுவில் நான்,
அஞ்சல்வழியில் படித்த செலவுக் கணக்கும்
ஓசூர்ப் பையன் ஏற்றிவிட்டுப் போன மென்பொருளும்.
அதில் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது,
ஒன்பதரை மணிக் கேள்விக்கு மட்டும் இல்லை.
நோட்டில் பென்சிலால் ஒரு கோடு இழுத்துக்கொண்டேன்.

போன ஆனியில் பெங்களூரா கிலோ ஐந்து ரூபாய்க்கு இறங்கியது.
சந்தூர் டிராக்டர்கள் எங்கள் கேட்டிலிருந்து
காவேரிப்பட்டணம் சாலைத் திருப்பம்வரை நின்றன.
மழை வேறு.
பழச்சாறு கம்பெனியிலிருந்து ஓர் ஆர்டர்:
நூற்றிருபது டன், கிலோ இருபத்து நாலு.
எங்கள் அடக்கவிலை இருபத்தெட்டு.
சார் பேனாவை மூடினார். “ஃபெயில்.”

சாக்கப்பன் டிராக்டர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.
“நாசிக்ல லோடு இறக்கிட்டுக் காலியா திரும்புறோம்னு வை.
எவனோ பாதி வாடகைக்கு வெங்காயம் ஏத்துன்றான்.
வண்டித் தவணை எப்படியும் ஓடுது.
டீசல் போகப் பத்து ரூபா நின்னா
ஏத்துவியா மாட்டியா, சகலை?”

என் புத்தகத்தில் நாற்பது பக்கம் அந்தப் பாடம்.
நான் வாங்கியது ஐம்பத்தொன்று.

கட்டடம், வட்டி, காவலாளி, என் சம்பளம்,
எல்லாவற்றையும் தள்ளிவிட்டுக் கூட்டினேன்.
இருபத்து நாலு ரூபாய் ஏழு காசு.
ஏழு காசு கையைக் கடிக்கிறது.
தகரத்தின் மேல் மழை. யாரும் பேசவில்லை.

அவர் என் நோட்டைத் தன் பக்கம் இழுத்தார்.
விரல் ஒரு வரியில் நின்றது:
எடைக் குறைவு, இரண்டு சதவீதம்.
“இது எந்த செக்போஸ்ட்டு?”

எந்தப் புத்தகத்திலும் இல்லை அது.
அப்பா மத்தூர் ரேஷன் கடையில் எடையாளர்.
மூட்டை குறைந்தேதான் வந்து இறங்கும்.
தணிக்கையில் விழுந்த சர்க்கரையை
அவர் சம்பளத்தில் பிடித்தார்கள், பதினாலு மாதம்.
நான் கூட்டும் எந்தக் கணக்கிலும்
கூப்பிடாமலே அந்த இரண்டு வந்து உட்கார்ந்துகொள்ளும்.
ஆறு வருஷத்தில் நாங்கள் விட்ட ஆர்டர்களில்
எத்தனையை அது தின்றதோ.

“எங்கப்பாவோடது” என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
“பாதி போடு. செக்போஸ்ட்ல பேரம் உண்டு.”
சார் பேனாவை மறுபடி திறந்தார்.
கையெழுத்து மட்டும், மார்க் இல்லை.

ஒன்பது நாள் கூழ் ஓடியது.
கடைசிப் பீப்பாயும் ஏறிப் போனபின்
எடைமேடைச் சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கூட்டினேன்.
குறைவு, ஒன்று புள்ளி ஒன்று.
அந்தப் புள்ளி ஒன்றை
நோட்டின் பின்னட்டையில் தனியாக எழுதி வைத்தேன்.

ஒன்பதரைக்குப் போன் வந்தது.
விறகு எவ்வளவென்று சொன்னேன்.